மிளகாய் காயும் மாடி

எங்கள் தெருவுக்குக் கிழக்கே அந்தக் கோபுரம் எழும்பியதிலிருந்து என் மொட்டைமாடிக்குப் பத்து மணிக்குத்தான் வெயில் வருகிறது. அதுவரை அதன் நிழல்தான். எண்பது மாடி. காற்றுக்கு ஆடாமலிருக்க, ஜடை பின்னியதுபோல் முறுக்கிக்கொண்டே மேலே போகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். உச்சியில் சுற்றிலும் கண்ணாடி போட்ட தளம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் புழல் ஏரி, இந்தப் பக்கம் ஆவடி வரை தெரியுமாம். என் புருஷன் உதயகுமாருக்கு அங்கேதான் செக்யூரிட்டி வேலை.

நான் முகப்பேர் ஃபிளாட்டுகளுக்குக் குழம்பு மிளகாய்த்தூள் போடுகிறவள். வருஷத்துக்கு வேண்டிய மிளகாயைப் பங்குனி, சித்திரை வெயிலில் காயவைத்தாக வேண்டும். விட்டால் பூசணம் பூத்துவிடும், பிழைப்பும் போய்விடும்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் கோபுரத்து ஆபீஸிலிருந்து நிவேதிதா என்ற பெண் வந்தாள். நல்ல பெண்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

"அக்கா, மேலேர்ந்து பார்த்தா இந்தப் பக்கம் மட்டும் ஒரே தகரமும் துணியுமா தெரியுது. எல்லா மாடிக்கும் நாங்களே இலவசமா பச்சை பெயிண்ட் அடிச்சுத் தர்றோம். மேல எதையும் காயப்போடாம இருந்தா போதும். பார்க்கிறவங்களுக்குத் தோப்பு மாதிரி இருக்கும்."

"பத்து மணி வரிக்கும் வெயில நீங்க எட்துக்கினீங்க. மீதி வெயிலும் வோணுமா?"

"உதயகுமார் அண்ணனும் அங்கதானே வேலை பார்க்கிறார்..." என்று இழுத்தாள்.

எனக்கு வந்ததே கோபம். "அது அவரு வேல. இது என் மாடி. நீ கெளம்பும்மா" என்றேன்.

தெருவே பச்சையானது. எதிர்வீட்டு முனியம்மாகூடப் பச்சை அடித்துக்கொண்டாள். "ஓசி பெயிண்ட்டுடி, உனுக்கு இன்னா வந்துச்சு?" என்று எனக்கே புத்தி சொன்னாள்.

விழாவுக்கு முதல் நாள் உதயகுமார் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"நாளிக்கு ஒரு நாள் வுட்டுடேன் யுவராணி. சூப்பர்வைசர் என்னியே மொறச்சிகினு கீறான். அந்த ஊடு யாருதுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"உன்னுதுன்னு சொல்லு."

"வேல பூடும்."

"ஒரு நாள் வுட்டா, மறுநாளும் வுடச் சொல்வான்யா."

வாய்தான் அப்படிப் பேசியது. அவர் சம்பளம் இல்லாமல் குடும்பம் ஓடாது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் என் மாடியில் நான் எதைக் காயவைப்பது என்பதை எண்பதாவது மாடியில் நிற்கிறவன் சொல்வதா? அதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் நிழல் விலகியதும் மூட்டைகளை மேலே ஏற்றினேன். வழக்கமாகப் பாதி மாடிக்குத்தான் பரப்புவேன். அன்றைக்குக் கைப்பிடிச் சுவர் வரை பரப்பினேன். தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் தண்ணீர். அப்போது செல் அடித்தது. உதயகுமார்.

"யுவராணி, சூப்பர்வைசர் மொளகாவ ஒடனே வாரச் சொல்றான். பக்கத்துலயேதான் நிக்கிறான்."

"முடியாதுன்னு சொல்லு."

அவர் லைனைத் துண்டிக்கவில்லை. மேலே கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல் பக்கத்தில் கேட்டது. "அந்தப் பச்சைக்கு நடுவுல சிவப்பா என்னமோ இருக்கே, அது என்ன?"

"அது கார்ப்பெட் மேடம். விழாவுக்காக நாங்க விரிச்சது" என்றது ஒரு ஆண்குரல், அவசர அவசரமாக. சூப்பர்வைசராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கத்தலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் புருஷன் தொண்டையைக் கனைப்பது கேட்டது.

"கார்ப்பெட்டு இல்ல மேடம். மொளகா. அது எங்க ஊடு. என் பொண்டாட்டி காயவெச்சிகினு கீறா."

சூப்பர்வைசர் ஏதோ கத்தினான். லைன் கட்டாகிவிட்டது.

மூட்டையின் அடியில் இன்னும் கொஞ்சம் மிளகாய் இருந்தது. அதையும் உதறிக் கொட்டி, கோபுரத்தைப் பார்த்தபடியே பரப்பினேன்.