மாஸ்டர் கட்டிய மூலை அறை

“கிளட்சை விடச் சொன்னா, சூடு பட்ட மாதிரி காலை எடுத்துடறதா? மெதுவா விடுங்கம்மா, மெதுவா!”

காலை ஏழு மணிக்கு மாஸ்டரின் குரல் விளையாட்டு மைதானம் முழுக்கக் கேட்டது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தவர் மருந்துக்கடைக்காரம்மா. எந்த மருத்துவரின் கிறுக்கலையும் கண்ணிமைக்கும் நேரத்தில் படித்துவிடும் கெட்டிக்காரி. ஆனால் காரில் ஏறிவிட்டால் வலது எது, இடது எது என்பதே மறந்துபோகும்.

“மூலை வந்தா என்ன செய்யணும்?”

“வேகத்தைக் குறைக்கணும், ஹார்ன் அடிக்கணும், ரெண்டு பக்கமும் பாக்கணும்.”

“பாத்துட்டு?”

“கடவுளை வேண்டிக்கணும் மாஸ்டர்.”

மாஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினெட்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். சாலை விதி என்று வந்துவிட்டால் அவர் புலி. சிவப்பு விளக்கில் யாராவது கோட்டைத் தாண்டி நின்றால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு வகுப்பே எடுத்துவிடுவார். இவ்வளவு பேசுகிற மனுஷர் தன் வீட்டு வாசலில் செய்திருந்த காரியம்தான் வேறு மாதிரி.

அவருடைய வீடு, நகரத்தை ஒட்டிப் புதிதாக வளர்ந்த குடியிருப்பில், இரண்டு தெருக்கள் சந்திக்கும் மூலை மனையில் இருந்தது. வீட்டுக்கு அனுமதி வாங்கிய வரைபடத்தில், முன்பக்கம் பத்தடி காலியாக விட வேண்டும், மூலையில் இடுப்புயரத்துக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. பல வருஷம் அப்படியே விட்டும் வைத்திருந்தார். ஆனால் அவருக்கு ஒரே ஒரு குறை. இத்தனை வருஷமாகப் பயிற்சிப் பள்ளி நடத்தியும், உட்கார ஓர் ஆபீஸ் கிடையாது. விண்ணப்பம், ரசீது, மாணவர்களின் புகைப்படம் எல்லாம் காரின் டேஷ்போர்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தின.

மனைவியின் தம்பி கட்டட கான்டிராக்டர். அவன்தான் தூபம் போட்டான். “மாமா, உங்க மனை, உங்க பத்திரம். மூலையில சும்மா புல்லு முளைச்சுக் கிடக்கு. ஒரு ரூம் போட்டா ஆபீசும் ஆச்சு, போர்டும் வெச்சாச்சு. ரெண்டு தெருவுலேர்ந்தும் ஜம்முனு தெரியும்.”

“அனுமதி வேணாமா மாப்ளே?”

“கட்டி முடிச்சுட்டு பாத்துக்கலாம். நகராட்சிக்குள்ள எனக்கு ஆள் இருக்கு.”

“பிளான்ல இல்லாததை எதுக்குங்க கட்டறீங்க?” என்று மனைவி கேட்டாள். அது அவர் காதில் ஏறவில்லை.

மூன்றே வாரத்தில் அறை எழும்பிவிட்டது. எதிர்வீட்டுத் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, “மாஸ்டர், திரும்பறப்ப அந்தப் பக்கம் வர்ற வண்டியே தெரிய மாட்டேங்குது” என்றார்.

“மணி அடிச்சுட்டு வாங்க சார்” என்று மாஸ்டர் சிரித்தார். மனதுக்குள், ‘பொறாமை’ என்று முடிவு கட்டினார்.

அடுத்த மாதம் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. காலியாக விட வேண்டிய இடத்தில் கட்டியிருக்கிறீர்கள், பதினைந்து நாளுக்குள் விளக்கம் தாருங்கள் அல்லது அகற்றுங்கள் என்றிருந்தது. கொண்டுவந்து கொடுத்தவரும் அதே தபால்காரர்தான்! மாஸ்டருக்கு உச்சந்தலை சூடேறியது. “என் மேல புகார் மனுவும் போட்டுட்டு, நோட்டீசையும் கையில குடுக்கறான் பாரு!” அன்றிலிருந்து தபால்காரரிடம் பேச்சை நிறுத்தினார்.

மச்சினன் ஆறுதல் சொன்னான். “வெள்ளிக்கிழமை என் ஆளைப் பாத்துக் கவனிச்சுடலாம் மாமா. அந்தக் காகிதம் இருந்த இடம் தெரியாமப் போயிடும்.”

வெள்ளிக்கு முந்தின நாள். மைதானத்திலிருந்து திரும்பும்போது பெரிய சாலையில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மாஸ்டரின் தெரு வழியாக வர வேண்டியதாயிற்று. அது அவருடைய வீடு இருக்கும் தெரு என்று மருந்துக்கடைக்காரம்மாவுக்குத் தெரியாது.

மூலை வந்தது. அம்மா வேகத்தைக் குறைத்தார். ஹார்ன் அடித்தார். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

“பாருங்கம்மா, நல்லாப் பாருங்க.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சுவருதான் தெரியுது.”

“இன்னும் கொஞ்சம் முன்னால விடுங்க.”

“இப்பவும் சுவருதான் மாஸ்டர். எந்த முட்டாள் இப்படி மூலையில கொண்டுவந்து ரூமைக் கட்டினான்? அந்த ஆளைக் கண்ணுல காட்டுங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்.”

மாஸ்டர் சுவரைப் பார்க்காமல் அவசரமாகக் கையை ஆட்டினார். “மு… முன்னால போங்க.”

காரின் மூக்கு மூலையைத் தாண்டியதுதான் தாமதம், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. மாஸ்டர் தன் காலடியில் இருந்த பிரேக்கை வெறி வந்தவர்போல மிதித்தார். ஸ்கூட்டர் சறுக்கிச் சாய்ந்தது. பையிலிருந்த முட்டைகள் ஒன்று விடாமல் நொறுங்கின. தக்காளிகள் தெருவில் உருண்டோடின. கீழே விழுந்த பெண் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“கண்ணைப் பிடரியிலயா வெச்சிருக்கீங்க? எந்த டிரைவிங் ஸ்கூல்ல உங்களுக்கு…” என்று ஆரம்பித்தவள், காரின் தலையிலிருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்தாள்.

உள்ளே வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தது அவள் புருஷன்.

மாஸ்டர் இறங்கி ஓடினார். காரின் பம்பருக்கும் மனைவி விழுந்து கிடந்த இடத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. அந்த ஒரு முழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு ஒண்ணுமில்ல, முட்டிதான் சிராய்ச்சிருக்கு” என்று அவள் எழுந்தாள். “நீங்களும் ஹார்ன் அடிச்சீங்க, நானும் அடிச்சேன். ரெண்டு பேருமே மெதுவாத்தான் வந்தோம். தப்பு பண்ணினது அதோ நிக்குது பாருங்க, சிமெண்ட் பூசிக்கிட்டு!”

கைப்பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு வந்த மருந்துக்கடைக்காரம்மா விழித்தார். “இது உங்க ரூமா மாஸ்டர்? ஐயோ, தெரியாம முட்டாள்னு சொல்லிட்டேனே.” காயத்தைத் துடைத்துக்கொண்டே சற்று யோசித்தார். “ஆனா வாபஸ் வாங்கிக்கலை.”

மனைவிதான் முதலில் சிரித்தாள். மாஸ்டருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது.

வெள்ளிக்கிழமை அவர் மச்சினனையும் அழைக்கவில்லை, அவனுடைய ஆளையும் தேடவில்லை. வீட்டு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே நகரமைப்புப் பிரிவுக்குப் போனார். ஆய்வாளர் ஒரு பெண். காதில் பென்சிலைச் செருகியபடி, “சொல்லுங்க, என்ன விளக்கம்?” என்றார், ஆயிரம் சாக்குகளைக் கேட்டு அலுத்த குரலில்.

“விளக்கம் ஒண்ணுமில்ல மேடம். தப்புப் பண்ணிட்டேன். நானே இடிச்சுடறேன்.”

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். “முதல்ல உட்காருங்க. இந்த வார்த்தையைக் கேட்டு ரொம்ப நாளாச்சு. சரி, அந்த ரூம் எதுக்குக் கட்டினீங்க?”

மாஸ்டர் ஆபீஸ் கதையைச் சொன்னார். டேஷ்போர்டு குடித்தனத்தைக் கேட்டு ஆய்வாளர் சிரித்துவிட்டார்.

“உங்க ஏரியா குடியிருப்பு மண்டலம். பட்டறை, கிடங்கெல்லாம் வைக்க முடியாது. ஆனா குடியிருக்கிறவரே தன் வீட்டுக்குள்ள சின்னதா ஓர் ஆபீஸ் வெச்சுக்க விதியில இடம் இருக்கு. முன் ஹால்ல ஒரு பகுதி போதும். பயிற்சி வண்டியைத் தெருவுல நிறுத்தாம காம்பவுண்டுக்குள்ள நிறுத்தணும். ஒரு விண்ணப்பம் குடுங்க, வந்து பாக்கறேன்.”

“அவ்வளவுதானா? இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா…”

“கேட்டிருந்தா சொல்லியிருப்போம். எல்லாரும் கட்டிட்டுத்தான் வர்றாங்க சார்.”

எழுந்தவர் தயங்கினார். “என் மேல மனு போட்டது யாருன்னு…”

“யாரும் போடலை. தெருவை அளந்துட்டு வந்தப்ப நாங்களே பாத்ததுதான்.”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. வீடு திரும்பியதும் முதலில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். “சார், உங்களைத் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுடுங்க.”

“பரவாயில்ல மாஸ்டர். நீங்க பேசாம இருந்த நாள்ல ஒரு நல்லது. உங்க வீட்டு வாசல்ல நின்னு கதை பேசற கால்மணி நேரம் மிச்சமாச்சு” என்றார் தபால்காரர்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே திருவிழாக்கோலம் பூண்டது. மச்சினன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சம்மட்டியோடு வந்தான். அக்கா கட்டுப் போட்ட முட்டியோடு நாற்காலியில் அமர்ந்து, “கட்டறப்ப இருந்த சுறுசுறுப்பு இடிக்கிறப்பவும் இருக்கணும்டா” என்று விரட்டினாள். முதல் அடி தனக்குத்தான் வேண்டும் என்று மருந்துக்கடைக்காரம்மா அடம்பிடித்தார். அவர் ஓங்கிய அடியில் ஒரு செங்கல்கூட அசையவில்லை, ஆனால் கைதட்டல் மட்டும் பலமாக எழுந்தது. சாயங்காலத்துக்குள் மூலை வெட்டவெளியாகிவிட்டது.

அனுமதி கைக்கு வந்ததும் ஹாலிலிருந்த சோபா உள்ளறைக்குப் போனது. அதன் இடத்தில் மேசை ஒன்று, அதன் பின்னால் மாஸ்டர்.

ஒருநாள் பக்கத்துத் தெருவில் பாடம் நடத்திக்கொண்டு போனபோது, மூலை மனை ஒன்றில் லேத்துப் பட்டறைக்காரர் கயிறு கட்டி அளந்துகொண்டிருந்தார். தெருவை ஒட்டி ஓர் அறைக்கு அஸ்திவாரம் தோண்ட ஆயத்தம். மாஸ்டர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

“அனுமதி வாங்கிட்டீங்களா?”

“என் சொந்த இடம் மாஸ்டர். இதுல யாரைக் கேக்கணும்?”

“நானும் இதையேதான் சொன்னேன்” என்றார் மாஸ்டர், அவர் தோளில் கைபோட்டு. “இடம் நம்மளோடதுதான். ஆனா அதைச் சுத்தி நடக்கிற உயிரெல்லாம் நம்ம சொந்தம் இல்லையே. வீட்டுக்கு முன்னால விடச் சொல்ற பத்தடியை நஷ்டம்னு நெனச்சேன். அந்தப் பத்தடியில கட்டினதால என் வீட்டுக்காரியையே தெரு நடுவுல பறிகொடுக்கப் பாத்தேன். விதியைத் தாண்டறதுக்கு ஆள் தேடற நேரத்துல, விதி என்னன்னு போய் ஒரு வார்த்தை கேட்டா போதும். நமக்கும் வழி கிடைக்கும், அடுத்தவங்களுக்கும் வழி இருக்கும். வண்டியில ஏறுங்க, நகராட்சி ஆபீஸ் திறந்துதான் இருக்கு.”