தப்பாகச் சொன்னால்

காலை மணி பத்தேகால். இலுப்பூர் வீட்டில் அற்புதமேரி கணவரின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கவாதம் வந்த நாற்பது நாளில் சந்தனராஜ் வாத்தியார் ஒரு சொல்லும் பேசவில்லை. அவருக்குப் பிடித்ததைப் பேசிக்கொண்டே இருங்கள், பேச்சு திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவருக்குப் பிடித்தது கார். ஓட்டியது என்னவோ மொபெட்தான். ஆனால் பென்ஸ் பின்சீட்டில் உட்காருகிறவனுக்கு, பிஎம்டபிள்யூ ஓட்டுகிறவனுக்கு என்று முப்பது வருஷமாகச் சாப்பாட்டின்போதெல்லாம் தீர்ப்புச் சொன்னவர். "ரசம் ஊத்தவா?" என்று கேட்பதோடு அவள் சரி.

இத்தனை நாளும் காரைப் பற்றி அவள் சரியாகச் சொன்னபோதெல்லாம் சும்மா கேட்டுக்கொண்டு கிடந்தார். தப்பாகச் சொன்னால் பொறுக்க மாட்டாரே என்று இன்று அவளுக்குத் தோன்றியது.

"ஏங்க, பிஎம்டபிள்யூவுக்கு டிரைவர் வச்சிட்டுப் பின்னாடி படுத்துத் தூங்கணும். அதுக்குத்தான் அது லாயக்கு."

அவர் கண் திரும்பியது.

பார்க்க வந்திருந்த பழைய சக ஆசிரியர் சார்லஸிடம் அவள், "அண்ணே, நீங்களும் ஏதாச்சும் தப்பாச் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள்.

"என்ன வாத்தியாரே, போர்ஷ்ல எஞ்சினைப் பின்னாடி வச்சவன் கிறுக்கந்தானே? வளைவுல எப்படி நிக்கும்?"

வாத்தியாரின் உதடு துடித்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். வாயோரம் எச்சில்தான் இறங்கியது. சார்லஸ் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அற்புதமேரி எச்சிலைத் துடைத்தாள். முகத்தருகே போனாள்.

"ஃபெராரி சத்தமும் நம்ம மாவுமில்லு சத்தமும் ஒண்ணுதான்னு ஊரெல்லாம் சொல்லப்போறேன். சும்மா விட்டுருவீங்களா?"