செமிசி உட்கார்ந்த பெட்டி

செமிசி பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். மகள் கலோ தரையில் மண்டியிட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். பிதுங்கி நின்ற போர்வையை மனைவி லேசியேலி விரல்களால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, முழு பாரத்தையும் போடுங்க."

"நூத்திருபது கிலோவையும் போட்டாச்சுடி. இன்னும் வேணும்னா உங்கம்மாவத் தூக்கி என் மடியில வை."

மூவரும் சிரித்தார்கள். ஜிப் மூன்றாவது மூலையைத் திரும்பியபோது செமிசியின் தலை சுவரில் சாய்ந்தது. செத்தவரைப்போல் நடிப்பது அவருடைய வழக்கமான விளையாட்டு. போதகரின் ஜெபம் நீளும்போதெல்லாம் தேவாலயத்திலேயே அப்படிச் சாய்வார். ஆகவே கலோ கடைசி மூலையையும் மூடிவிட்டு, "முடிஞ்சுது, எந்திரிங்க" என்றாள். லேசியேலி கணவரின் கன்னத்தைத் தட்டினாள். பிறகு இன்னொரு முறை, சற்று மெதுவாகத் தட்டினாள்.

அது வியாழக்கிழமை காலை. அடக்கத்தைச் சனிக்கிழமை காலைக்குக் குறித்தார்கள். அன்று மாலைதான் கலோவின் விமானம். ஞாயிற்றுக்கிழமை டோங்காவிலிருந்து எதுவும் பறக்காது. அடுத்த விமானம் செவ்வாய்க்கிழமை. வெலிங்டனிலிருந்த பல்கலைக்கழகமோ, திங்கட்கிழமை நேரில் வந்து பதியாவிட்டால் உதவித்தொகை அடுத்தவருக்குப் போய்விடும் என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆனால், ஊர் முறைப்படி, தகப்பனைப் பறிகொடுத்த மகள் கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு பத்து நாள் அடுப்படியில் இருக்க வேண்டும். விலக்குத் தரக்கூடியவர் ஒருவரே: இறந்தவரின் அக்கா. துக்க வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அவர் சுட்டிய பொருள் அவருக்கே சொந்தம்.

வெள்ளிக்கிழமை காலைக் கப்பலில் அந்த அக்கா வாசிதி வவாவு தீவிலிருந்து வந்திறங்கினார். யாரையும் பார்த்துத் தலையசைக்காமல் நேரே போய்த் தம்பியின் தலைமாட்டில் அமர்ந்தார். மகளுக்கு விலக்குக் கேட்க லேசியேலி மூன்று முறை சாப்பாட்டுத் தட்டோடு அருகில் சென்றாள். மூன்று முறையும், "அண்ணி, உப்புப் போதுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

பிற்பகலில் கூட்டம் சேர்ந்தது. செமிசி முப்பது ஆண்டுகள் விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டியவர். படிக்கப் போகும் பிள்ளைகளின் பெட்டிகளையெல்லாம் அவரே திறந்து அவரே திரும்ப அடுக்குவார். அவரோ ஒரு நாளும் விமானம் ஏறியதில்லை.

"எனக்கு வாணலி வச்சு அனுப்பினாரு" என்றார் டாக்டர் இசிலேலி. "புத்தகத்துக்கு இடமில்ல, வாணலிக்கு இடமிருந்துச்சு. ஆனா விடுதியில பதினோரு பேருக்கு அதுலதான் சமையல். ஒரு வாரத்துல பதினோரு கூட்டாளி!"

"உங்களுக்காவது வாணலி" என்றாள் பள்ளி ஆசிரியை அனசேனி. "எனக்குக் கத்தி. தேங்கா வெட்டுற பெரிய கத்தி! ஆக்லாந்துல சுங்க அதிகாரி அதத் தூக்கிப் பிடிச்சு, 'என்ன படிக்கப் போறம்மா?'ன்னு கேட்டான். குழந்தை வளர்ப்புன்னு சொன்னேன்."

துக்க வீடு குலுங்கிச் சிரித்தது. லேசியேலி வாயைப் பொத்திக்கொண்டு வாசிதியைப் பார்த்தாள். வாசிதியின் முகத்தில் அசைவில்லை. தோள்கள் மட்டும் ஒருமுறை குலுங்கின. அது எதற்காக என்று லேசியேலிக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை செமிசியை மணலுக்குள் இறக்கினார்கள். வீடு திரும்பியதும் வாசிதி கத்தரிக்கோல் கேட்டார். மகளின் கூந்தலைக் கழுத்தோடு வெட்டுவது முறை. கலோ முதுகைக் காட்டி அமர்ந்தாள். கத்தரிக்கோல் பிடரியில் நின்றது. அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கியது. நுனியில் இரண்டு விரற்கடை மட்டும் வெட்டியது.

"அண்ணி?" என்றாள் லேசியேலி.

"அங்க காத்து கழுத்த அறுக்குமாமே. மிச்சம் இருக்கட்டும்."

செமிசியின் சித்தப்பா மனாசே தொண்டையைச் செருமினார். ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவர். பிறர் வீட்டு முறைகளைக் காப்பதில் ஓயாதவர்.

"பத்து நாள்னா பத்து நாள்தான். புள்ள எங்கயும் போகக் கூடாது. படிப்பு அடுத்த வருசமும் இருக்கும். யாராவது இல்லன்னு சொல்றீங்களா?"

கலோ மடியில் விழுந்த முடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வாசிதிக்குரிய காணிக்கைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள்: நுணுக்கமாகப் பின்னிய பாய்கள், மரப்பட்டைத் துணிச் சுருள்கள், முழுப் பன்றி ஒன்று. வாசிதி அவற்றின்மேல் கண்ணை ஓட்டினார். பிறகு சுவரோரம் கையை நீட்டினார்.

"அந்தப் பெட்டி."

"எந்தப் பெட்டி?" என்றார் மனாசே.

"என் தம்பி கடைசியா உக்காந்த பெட்டி. எனக்கு அது வேணும்."

மறுக்க முடியாது. இசிலேலியும் இன்னொருவரும் பெட்டியைத் தூக்கிவந்து வாசிதியின் முன் வைத்தார்கள்.

"கனமா இருக்கே. மனாசே சித்தப்பா, உங்க கடைத் தராச எடுத்துட்டு வாங்க."

"தராசா? எதுக்கு?"

"நான் கேக்குறேன்."

மனாசே கடைக்கு ஆளனுப்பினார். கிழங்கு நிறுக்கும் தராசை மாமரத்தில் கட்டிப் பெட்டியைத் தொங்கவிட்டார்கள். முப்பத்தொரு கிலோ.

"விமானத்துல எவ்வளவு விடுவாங்க?"

"இருபத்திமூணு, அத்தை" என்றாள் கலோ.

வாசிதி பெட்டியைத் திறந்தார். வள்ளிக்கிழங்கு நான்கு. "பைத்தியக்காரன்! ஆக்லாந்து ஏர்போர்ட் நாய் மோந்து பாத்து இழுத்துடும். எடுங்க வெளிய." காய்ந்த கணவாய் மீன். "இதுவும்தான்." வாணலி. அதைக் கையில் எடைபார்த்தவர், இசிலேலியை ஒருமுறை நோக்கிவிட்டு, உள்ளேயே வைத்தார். மின்சாதனங்களை மாட்டும் மாற்றுச் செருகிகள் ஐந்து இருந்தன.

"அங்கயும் நம்ம பிளக்தான்" என்றார் டாக்டர்.

"அஞ்சு வாங்கியிருக்கான்! எவன்டா வித்தது?"

மனாசே தராசுக் கயிற்றை மும்முரமாக ஆராய்ந்தார்.

அடியில் ஒரு குடை இருந்தது. வெலிங்டன் காற்றில் குடை ஒரு நாள்கூடத் தாங்காது என்று அனசேனி சொன்னாள்.

"ஒடியட்டும். அப்பன் வாங்கினது, அங்க போயி ஒடியட்டும்." குடை உள்ளே போனது. அதன் பக்கத்தில் கம்பளிச் சட்டைகளும் மழைக் காலணியும் மருந்தும் மருத்துவர் சீட்டும் ஒழுங்காக இடம் பிடித்தன. சான்றிதழ்களை வாசிதி தனியே கலோவின் கையில் கொடுத்தார். "இத பெட்டியில வைக்காத. கைப்பையில வை."

அப்போதுதான் லேசியேலிக்குப் புரியத் தொடங்கியது. மறுபடி நிறுத்தார்கள். இருபத்திரண்டரை.

வாசிதி எழுந்து நின்றார். "எல்லாரும் கேளுங்க. இது என் பெட்டி. என் பெட்டி இன்னைக்குச் சாயங்காலம் வெலிங்டனுக்குப் போகுது. தானா நடந்து போகாது, யாராவது தூக்கிட்டுப் போகணும். கலோ, நீ தூக்கிட்டுப் போ. அங்க மூணு வருசம் பத்திரமா வச்சிருந்து, திருப்பிக் கொண்டாந்து என் கையில குடு. சித்தப்பா, என் பெட்டிக்கு வழிய மறிக்கிறீங்களா?"

முறையைக் காப்பவர் முறையின் பிடியிலேயே அகப்பட்டுக்கொண்டார். முதலில் இசிலேலி சிரித்தார். பிறகு அடுப்படிவரை சிரிப்புப் பரவியது. இறுதியில் மனாசேயும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"வண்டி நான் ஓட்டுறேன்" என்றார்.

மாலை, விமான நிலையக் கம்பி வேலியோரம் பழம் விற்பவனிடம் மனாசே ஒரு தர்பூசணி வாங்கி அங்கேயே பிளக்கச் செய்தார். லேசியேலியும் வாசிதியும் வண்டியின் பின்பலகையில் அமர்ந்திருந்தார்கள். விமானம் இரைச்சலோடு ஓடுதளத்தில் திரும்பியது. மனாசே பழத்தை வாசிதியிடம் நீட்டினார். முதல் துண்டு எப்போதும் அவருக்குத்தான்.

விதையில்லாத நடுச்சதையை வாசிதி கத்தியால் தோண்டி எடுத்தார். தம்பி மனைவிக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட எதையும் பரிமாறியிராதவர், அதை லேசியேலியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஓரத்துண்டைத் தமக்கு எடுத்துக்கொண்டார்.

விமானம் தலைக்குமேல் எழும்பிச் சென்றது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. லேசியேலி குனிந்து தின்றாள். சாறு மணிக்கட்டு வழியாக முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது.