பெயர்ப் பட்டியலில் வேறொருவர்

1

இந்தக் கதைக்குள் ஒரு பொய்க் கடிதம் இருக்கிறது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால், நான் எழுதிய மற்ற எதையும் நம்பமாட்டீர்கள்.

கடிதத்தை எழுதச் சொன்னவள் என் தோழி பிரீத்தி. யாரை ஏமாற்றுவதற்காக என்றால், அவளுடைய அப்பா டாக்டர் சேனாபதியை. கோபிசெட்டிபாளையத்துக்காரர், எழுபத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் முப்பது வருடம் எலும்பு மருத்துவராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு சான் ரமோனில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். இதயத்தில் ஒரு வால்வை மாற்றியாக வேண்டும். இரண்டு முறை தேதி குறித்து, இரண்டு முறையும் அவரே போன் பண்ணித் தள்ளிப்போட்டுவிட்டார். காரணம் கேட்டால் மகளிடம் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் சொன்னார். ஏன் என்னிடம் என்றால், நான் கதை எழுதுகிறவள்.

[இந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். உண்மையில் அன்று அவருக்குக் காப்பி கொண்டுபோனவள் நான். அதுதான் காரணமாக இருக்கும்.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'1977, பிப்ரவரி. ஹெப்பிள்டன் மைதானத்தில் காலையிலிருந்தே மழை. சேற்றில் சுண்ணாம்புக் கோடுகள் கரைந்து

இதற்கு மேல் போகவில்லை. நான் மில்பிடாஸில் சிப் சோதிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். வட இங்கிலாந்து மழையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஹெப்பிள்டன் என்று ஓர் ஊரே கிடையாது. உண்மையான ஊரின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் கேட்டுக்கொண்டதால் நானே வைத்த பெயர்.

எனவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து வருகிறேன். இந்த பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம். பிரீத்தி வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் டிவியில் அமெரிக்க ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பஜ்ஜித் தட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆட்டக்காரன் தலையில் அடிபட்டு விழுந்தான். எழுந்து நடந்தபோது கால் பின்னியது. அடிபட்டவர்களை டாக்டர்கள் சோதிக்கும், மைதான ஓரத்து நீலக் கூடாரத்துக்குள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் எழுந்து பின்கட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

காப்பியோடு போனேன். அவர் வேலியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பையன மறுபடி எறக்குனாங்களா அம்மணி?"

"இல்லீங்க அங்கிள். உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"நல்லது," என்றார். காப்பியை வாங்கிக்கொண்டு, "நான் எறக்கிட்டேன்," என்றார்.

3

அவருக்கு அப்போது முப்பது வயது. ஹெப்பிள்டன் ஆஸ்பத்திரியில் இளநிலை மருத்துவர். ஊருக்கு ஒரு ரக்பி லீக் கிளப் இருந்தது. சனிக்கிழமை ஆட்டங்களுக்கு ஒரு டாக்டர் மைதானத்தில் இருக்க வேண்டும். சீனியர்கள் குளிருக்குப் பயந்து அந்த வேலையை இவர் தலையில் கட்டினார்கள். இவருக்கோ அது பிடித்துப்போயிற்று. வாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்துவிட்டு சனிக்கிழமை முன்வரிசையில் தோள்கொடுத்து முட்டுகிறவர்கள், தபால்காரர், கசாப்புக் கடைக்காரர், இவர்கள்தான் ஆட்டக்காரர்கள். புருவம் கிழிந்தால் மரத்துப்போக ஊசி வேண்டாம், நேரமாகிறது, அப்படியே தையுங்கள் என்பார்களாம். தைத்து முடித்ததும் 'தாங்ஸ் டாக்' என்று ஓடிவிடுவார்கள். "அந்த ஊர்ல என்னை யாருன்னு கேக்காத ஒரே எடம் அதுதான்," என்றார்.

* ரக்பி இரண்டு வகை. 1895-இல் பிரிந்தது. சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வருகிறவனுக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா என்பதுதான் சண்டை. கொடுக்கலாம் என்ற வடக்கத்திக் கிளப்புகள் தனியாகப் போய் ரக்பி லீக் ஆயின. கூடாது என்றவர்கள் ரக்பி யூனியன். யூனியன் ஆட்டக்காரன் ஒரே ஒரு முறை லீக் ஆடினாலும் ஆயுள் தடை. ஆனால் லீக் கிளப்புகள் நல்ல யூனியன் ஆட்டக்காரர்களை ரகசியமாக வரவழைத்து, ஓர் ஆட்டம் ஆடவிட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்குப் பெயர்ப் பட்டியலில் அவனுடைய பெயர் இருக்காது. 'ஏ. என். அதர்' என்று இருக்கும். பார்த்தால் இனிஷியல் வைத்த பெயர் மாதிரி தெரியும். சேர்த்துப் படித்தால் 'அனதர்', வேறொருவர்.

எழுதுகிறவளுக்கு இப்படி ஒன்று கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெயரே இல்லாமல் வந்து நிற்கிற பாத்திரம்.

4

அந்த சனிக்கிழமை வேல்ஸிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். இருபத்தொன்று இருக்கலாம். ஓரத்தில் ஓடுகிறவன். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்தில், தடுக்க வந்தவனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. சில வினாடிகள் நினைவில்லை. டாக்டர் ஓடினார். மாற்று ஆட்டக்காரர்கள் இருவரும் ஏற்கனவே இறங்கியாயிற்று. டாக்டர் மூன்று விரல்களைக் காட்டினார். பையன் 'மூன்று' என்றான். போகலாம் என்று தலையசைத்தார்.

ஆட்டம் முடிந்ததும் பையன் வாந்தியெடுத்தான். டாக்டர் அவனைப் படுக்கவைத்துச் சோதித்துவிட்டு, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருக்கட்டும் என்றார். கிளப் நிர்வாகி ஒருவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாராம். ஆஸ்பத்திரி என்றால் பதிவேடு, பதிவேடு என்றால் பெயர், பெயர் வெளியே போனால் இவன் ஊரில் இனி பந்தைத் தொட முடியாது. பையனும் ரயிலுக்குப் போகிறேன் என்று கெஞ்சினான். டாக்டர் விட்டுவிட்டார்.

எட்டு நாள் கழித்து ஒரு செய்தித்தாளில் நான்கு வரி. வேல்ஸில் இளம் ரக்பி வீரர் ஒருவர் தூக்கத்தில் மரணம். டாக்டர் கிளப்புக்குப் போய், நம்மிடம் வந்த பையனின் பெயர் என்ன என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் மைதானத்துக்குப் போகவில்லை. அடுத்த வருடம் ஊர் திரும்பிவிட்டார்.

"மயக்கம் குடுத்து நான் எந்திரிக்காமயே போயிட்டா, அவன் என்ன ஆனான்னு தெரியாமயே போயிருவேன் அம்மணி. தெரிஞ்சுட்டா எப்ப வேணா படுக்கறேன்."

இதுதான் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம்.

5

இந்த இடத்தில் நான் செய்த இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, டாக்டரைச் சந்தேகப்பட்டேன். நாற்பத்தெட்டு வருடம் ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட விஷயம் எவ்வளவு உண்மையாக மிஞ்சும்? இரண்டு, அந்தப் பையனைக் கொன்றேன். என் முதல் வரைவில் அவன் ரயிலிலேயே செத்துப்போகிறான். ஹாரி என்று பெயரும் வைத்திருந்தேன். கதைக்கு அது நன்றாக இருந்தது. நான்கு பக்கம் தடையில்லாமல் ஓடியது. எழுதி முடித்த அன்று பிரீத்தி வீட்டில் டாக்டர் எனக்காக ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட முடியவில்லை.

வரைவைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தேடத் தொடங்கினேன். பழைய லீக் ரசிகர்கள் ஆட்ட நிரல்களைச் சேகரித்துப் போடும் ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. அந்த நாள், அந்த ஆட்டம், அந்தப் பட்டியல், அப்படியே கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டு ஓலையைக் கண்டெடுத்தவள் போல அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வலது ஓரம்: ஏ. என். அதர்.

அந்தப் பக்கத்தில் விவரத்தையும் என் மின்னஞ்சல் முகவரியையும் எழுதி, இவரை யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். ஒன்றை மட்டும் எழுதாமல் மறைத்தேன். மூளையில் பாதிப்பு உண்டா என்று பையனின் பாதத்தைச் சோதிக்க டாக்டர் இடது பூட்ஸைக் கழற்றியபோது, உள்ளேயிருந்து நனைந்த செய்தித்தாள் வந்ததாம். இரவல் பூட்ஸ், அளவு பெரிது. போலி ஆள் யாராவது வந்தால் கண்டுபிடிக்க இது உதவும் என்று நினைத்தேன்.

ஐந்து வாரம் எவரும் பதில் போடவில்லை.

6

மூன்றாவது தேதி நெருங்கியது. டாக்டருக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. பிரீத்தியிடம் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். ஒருநாள் காரில் போகும்போது கேட்டாள்.

"நீ கதை எழுதறவதானே. அந்தப் பையன் எழுதற மாதிரி ஒரு இமெயில் டைப் பண்ணிக் குடு. அப்பா நிம்மதியா ஆபரேஷனுக்குப் போகட்டும்."

"அது ஏமாத்து வேலை பிரீத்தி."

"தெரியும். எனக்கு அப்பா வேணும்."

 அன்றே எழுத உட்கார்ந்தேன்.

'அன்புள்ள டாக்டர், நான் உயிரோடுதான்

'டாக்டர் அவர்களுக்கு, அன்று நீங்கள் காட்டிய மூன்று விரல்களை

'வணக்கம். என் பெயர்

பெயரில் வந்து நின்றுவிட்டேன். எத்தனையோ பேருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். இவனுக்கு ஒரு பெயர் வைத்தால், அந்தப் பெயரைத்தான் அவர் மயக்க மருந்து ஏறும்போது நினைத்துக்கொண்டிருப்பார். அப்படி ஒருவன் இருக்கமாட்டான். ஆனாலும் எழுதினேன். எம்லின் என்று... இல்லை, அது பிறகு வந்த பெயர். நான் வைத்தது டேவிட். கடிதம் ஒரு பக்கம் வந்தது. நன்றாகவே வந்தது. மறுநாள் அனுப்புவதாக பிரீத்தியிடம் சொல்லியிருந்தேன். சளிக் காய்ச்சல் என்று பொய் சொல்லி இரண்டு நாள் கடத்தினேன்.

7

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. மில்பிடாஸில் காரை நிறுத்திவிட்டு போனைப் பார்த்தேன். சின்ன மின்னஞ்சல். தமிழில் இப்படி வரும்:

'நீங்கள் தேடுகிற ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். சாகவில்லை. பூட்ஸ் என்னுடையதில்லை, யாரோ ஒரு பருத்த முன்வரிசைக்காரனுடையது. இடது காலில் செய்தித்தாள் திணித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் விரலிடுக்கில் அச்சு மை போகவில்லை. தலைவலி மூன்று நாள் இருந்தது, படியில் விழுந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன். பிறகு முப்பத்தொரு வருடம் பள்ளியில் புவியியல் நடத்தினேன். டாக்டர் இருக்கிறாரா? எம்லின்.'

காரிலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் காரில் வந்தவர் கண்ணாடியைத் தட்டி எல்லாம் சரியா என்று கேட்டார். ரொம்பச் சரி என்றேன்.

பிரீத்திக்கு அதை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"சூப்பரா எழுதியிருக்கடி. அந்த அச்சு மை ரொம்ப நேச்சுரலா இருக்கு."

நான் எழுதவில்லை என்று அவளை நம்பவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த பெரிய பாராட்டு, நான் எழுதாத ஒன்றுக்குக் கிடைத்தது. நான் எழுதிய கடிதத்தை அழித்தேன். குப்பைத்தொட்டிக்குள் போயும் அழித்தேன்.

* செய்தித்தாளில் செத்தவன் யார்? வேறு யாரோ. அவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். நிம்மதியில் அதை நான் இரண்டு நாள் மறந்தே போனேன். டாக்டர்தான் நினைவுபடுத்தினார்.

8

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்கே, அங்கே மாலை ஐந்துக்கு, இருவரையும் வீடியோவில் பேசவைத்தேன். லேப்டாப்பைச் சரிசெய்துவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்றுதான் இருந்தேன். போகவில்லை.

எம்லினுக்கு டாக்டரின் முகம் சுத்தமாக நினைவில்லை. மன்னிக்க வேண்டும் என்றார். ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கிறதாம். டாக்டர் விரல்களைக் காட்டியபோது தன் கண்ணுக்கு எல்லாம் கலங்கலாக இருந்தது. வாளியும் ஸ்பாஞ்சும் வைத்திருந்த உதவியாளர் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, வாயசைத்து 'மூன்று' என்று சொல்லிக்கொடுத்தார்.

 டாக்டர் ஆங்கிலத்தில், இருந்தாலும் அனுப்பியது நான்தானே என்றார்.

வேண்டாம் என்றிருந்தால் உங்களைத் தள்ளிவிட்டுப் போயிருப்பேன் என்றார் எம்லின். நான் ஆடிய ஒரே லீக் ஆட்டம் அது டாக்டர், கடைசியில் மூலையில் பாய்ந்து, கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து ஒரு டிரை எடுத்தேனே, பார்த்தீர்களா?

"பார்த்தேன்," என்றார் டாக்டர். "நான் கத்தினேன். என் தொப்பியைத் தூக்கி எறிந்தேன். திரும்பக் கிடைக்கவே இல்லை."

இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அடுத்த அரைமணி நேரம் அந்த ஒரு ஓட்டத்தைத்தான் பேசினார்கள். யார் பந்தைக் கொடுத்தது, எத்தனை பேரைத் தாண்டினார், கொடி பக்கத்தில் எவ்வளவு சேறு. சாப்பாட்டு மேஜையின் உப்பு ஜாடியையும் ஊறுகாய் பாட்டிலையும் நகர்த்தி டாக்டர் கேமராவுக்குக் காட்டினார். பிரீத்தி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இங்கிலாந்தில் இருந்த நாட்களைப் பற்றிச் சிரித்துப் பேசி அவள் கேட்டதே இல்லையாம்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் நான்கு மணி நேரம் தூங்கினார். பிரீத்தி இரண்டு முறை உள்ளே போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டார்.

9

முடிவு ஒன்று: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கோடையில் டாக்டர் வேல்ஸுக்கு

முடிவு இரண்டு: சர்ஜன் வெளியே வந்து பிரீத்தியிடம்

வேண்டாம். இன்று புதன்கிழமை. ஆபரேஷன் நாளைக்கு. ஒருநாள் பொறுத்திருந்து கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடேன் என்றாள் பிரீத்தி. மாட்டேன் என்றேன். ஏற்கனவே ஒருவரை நான் கதைக்காகக் கொன்றிருக்கிறேன், கதைக்காகப் பிழைக்கவைக்கவும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் என் கணக்கு சரியாக வரவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது நாளை கடந்துபோயிருக்கும். அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு வேறு வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டப்போவது நான். பிரீத்தி தன்னால் ஓட்ட முடியாது என்றுவிட்டாள். டாக்டர் சற்றுமுன் போன் பண்ணினார், தான் முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று சொல்வதற்காக. காலை ஐந்தே முக்காலுக்கு அவர்கள் வாசலில் இருக்க வேண்டும். பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன்.