ஆட்டுக்கு ஒரு அலமாரி

ஆட்டுக் கூண்டின் கதவைத் திறந்ததும் புள்ளி மட்டும்தான் வெளியே வந்தது. கறுப்பி வரவில்லை.

தச்சரின் மனைவி கையிலிருந்த தழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். கறுப்பி மூலையில் படுத்திருந்தது. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கண்களிலிருந்து நீர் வடிந்து முகத்து ரோமமெல்லாம் ஒட்டிக் கிடந்தது. இரண்டும் குட்டை இன ஆடுகள். எவ்வளவு வளர்ந்தாலும் முழங்காலைத் தாண்டாதவை. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு தையல் மெஷினும் தானுமாக உட்கார்ந்திருந்தவளுக்கு இவைதான் பேச்சுத்துணை. ஒன்று போனால் மற்றது தீனி எடுக்காமல் கத்திக் கத்தியே ஓய்ந்துவிடும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அது நினைவுக்கு வந்ததும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"என்னங்க, இங்க ஓடி வாங்க!"

தச்சர் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"சளிதான். ராத்திரி பனிக்கு வந்திருக்கும். சாக்கு வெச்சு அடைச்சும் எங்கயோ காத்து நுழையுது பாரு."

"இதுக்கு இருமல் வந்ததிலேர்ந்து நீங்களும் அடைச்சுக்கிட்டேதான் இருக்கீங்க. இருமல் கூடுதே தவிர குறையலையே!"

தச்சரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அலமாரி செய்வதில் மனிதர் கில்லாடி. அவர் செய்த அலமாரிக்குள் எறும்பு போகாது, பாச்சை போகாது. அதே கையால்தான் ஆட்டுக் கூண்டையும் செய்தார். இடுக்கே தெரியாத இணைப்பு, உள்ளே தரை முதல் கூரை வரை வழவழவென்று ஒட்டிய மைக்காத் தகடு, கதவுக்குப் பளபளக்கும் கைப்பிடி. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "ஆட்டுக்கு வந்த வாழ்வைப் பாருங்க!" என்றார்கள். அதைக் கேட்டுக் கேட்டுத் தச்சர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். ஆடுகளிடம்தான் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

கூண்டு நின்றது, மதில் சுவருக்கும் கார் கொட்டகைக்கும் நடுவே இருந்த சந்தில். உள்ளே ஒன்று படுத்தால் மற்றது நிற்க வேண்டும். வெளியே விட்டால் கார் மேல் ஏறிக் கீறிவிடும் என்று பகலிலும் பெரும்பாலும் அடைத்தே வைத்திருந்தார். கொட்டகையோ முன்வாசல் முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது. மேலே தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு, நடுவில் உறை போர்த்திய கார். கல்யாணம், காரியம் என்றால் அது வெளியே வரும். மற்ற நாட்களில் தச்சர் உறையைத் தூக்கித் துடைத்துவிட்டு மறுபடியும் போர்த்துவார். கார் வைத்திருப்பவர் என்ற பேர் இருக்கிறதே, அது சும்மா வருமா!

"டாக்டரைக் கூப்பிடலாங்க."

"இதுக்கெல்லாமா டாக்டர்? வெதுவெதுப்பா தண்ணி காட்டு. நீதான் கண்ட தழையையும் போட்டிருப்ப."

"நான் போட்ட தழையைத்தானே புள்ளியும் தின்னுச்சு?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, புள்ளி இருமியது. அதே வறட்டு இருமல். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தச்சர் வாயைக் கொப்பளித்துவிட்டு, கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார்.

டாக்டர் வருவதற்குள் அவள் வாசலுக்கும் சந்துக்குமாக நடந்து கால் தேய்ந்தாள். கறுப்பியைத் தூக்கி மடியில் வைத்தால் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. தச்சருக்கும் பயம்தான். பயம் வந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. கூண்டுக் கதவின் அடியில் ஒரு மெல்லிய இடைவெளியைக் கண்டுபிடித்து, பழைய துணியைச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோலத்தில்தான் டாக்டர் அவரைப் பார்த்தார்.

"இது என்னண்ணே, துணிமணி வைக்கிறதா?" என்றார் அந்த இளம் பெண் டாக்டர்.

"ஆட்டு வீடு, டாக்டர்" என்றார் தச்சர். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டர் கறுப்பியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ஊசி போட்டார். முகம் தெளியவில்லை. "அக்கா, சாயங்காலம் வரைக்கும் பார்க்கணும். எழுந்து நின்னு அசை போட்டுச்சுன்னா பயமில்லை. இப்போ என்னால எதுவும் உறுதியா சொல்ல முடியாது" என்றவர், தச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் இந்தக் கூண்டுக்குள்ள தலையை விடுங்கண்ணே. ஆடு படுக்கிற உயரத்துக்குக் குனியணும்."

தச்சர் மண்டியிட்டு, தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தார். டாக்டர் கதவை அவர் முதுகோடு சேர்த்து அணைத்தார். உள்ளே முதலில் சத்தமில்லை. பிறகு ஒரு இருமல், தொடர்ந்து இன்னொன்று. அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவரின் கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் கொட்டியது.

"கறுப்பி இருமுற மாதிரியே இருமுறீங்களே!" என்றாள் மனைவி.

"மூத்திர வாடைண்ணே. தரையில மைக்கா, ஈரம் இறங்க வழியில்ல. மேல இடுக்கு இல்ல, வாடை வெளிய போக வழியில்ல. நின்னு பார்க்கிற நமக்கு லேசாத்தான் தெரியும், படுத்திருக்கிறதுக்கு நுரையீரலே புண்ணாகும். குளிரை ஆடு தாங்கிக்கும், இதைத் தாங்காது."

"குட்டை ஆடுதானே, சின்ன இடம் போதும்னு நெனச்சேன், டாக்டர்."

"உடம்புதான் குட்டை. அதுக்கும் காலை நீட்டிப் படுக்கணும், திரும்பணும், பகல்ல துள்ளி ஓடணும். மழை படாம ஒரு கூரை, மேல காத்து போக வழி, ஈரம் இறங்குற மாதிரி இடுக்கு விட்ட பலகைத் தரை, ஓடியாட ஒரு வாசல். இதெல்லாம் முடியாதுன்னா, இடம் இருக்கிறவங்ககிட்ட ரெண்டையும் குடுத்துடுங்க. மறுபடியும் இதுக்குள்ள விட்டா நான் போட்ட ஊசி வீண்."

மனைவி கறுப்பியை இறுக்கிக்கொண்டாள். தச்சர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இடத்துக்கு நான் எங்க போவேன், டாக்டர்?" என்று நிஜமாகவே கையை விரித்தார்.

மனைவி குரலை உயர்த்தவில்லை. "மூச்சு விடாத வண்டிக்கு மூணு பக்கமும் காத்து. மூச்சு விடுறதுக்குத்தான் பெட்டி. இடம் இல்லேன்னு யார்கிட்டங்க சொல்றீங்க?"

தச்சர் திரும்பி உறை போர்த்திய காரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். காரோ ஒரு தடவை முக்கியது, அப்புறம் அதுவும் இல்லை. நாள்கணக்காக நகராத வண்டி வேறென்ன செய்யும்! கறுப்பியை நிழலில் கிடத்திவிட்டு மூன்று பேருமாகத் தள்ளினார்கள். கார் முனகிக்கொண்டே தெரு ஓரம் போய் நின்றது.

அன்று தச்சர் வேலைக்குப் போகவில்லை. தன் கையால் இழைத்த கூண்டைத் தானே அறுத்துப் பிரித்தார். மைக்காவை உரித்தெடுத்தார். கொட்டகையின் ஒரு பக்கம் மறைப்பு வைத்து, கட்டைகளின் மேல் பலகைகளைப் பரப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வேண்டுமென்றே இடுக்கு விட்டு ஆணி அடித்தார். மற்ற இடத்தையெல்லாம் அவை ஓடியாட அப்படியே காலியாக விட்டார். புள்ளி ஒரே தாவலில் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறியது. கறுப்பி எழவில்லை. ஒவ்வொரு ஆணிக்கும் நடுவே தச்சரின் கண் அதன் விலா எலும்புகள் மேலேயே போய் நின்றது. ஏறி இறங்குகிறதா? இறங்குகிறது. இப்போது? மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட அவள் குடிக்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு கறுப்பி முன்னங்காலை ஊன்றியது. சரிந்தது. மறுபடியும் ஊன்றி, ஆடி ஆடி எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, தாடையை மெல்ல அசைக்க ஆரம்பித்தது.

"அசை போடுதுங்க! அசை போடுது!" மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தச்சர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். "என்னங்க இது, காரை ரோட்டுல நிறுத்திட்டு ஆட்டுக்குக் கொட்டகையா? தூசி படியுதே!"

"படியட்டுங்க, தொடைச்சுக்கலாம்" என்றார் தச்சர். கண் இன்னும் சிவந்திருந்தது. "ஆசைப்பட்டு உயிரைக் கூட்டிட்டு வந்தேன். மிச்சம் கிடந்த பலகையை மிச்சம் கிடந்த சந்துல வெச்சு, அதுக்கு வீடுன்னு பேரும் வெச்சேன். நாலு பேர் நின்னு பார்த்தது எனக்குப் பெருமையா இருந்துச்சு, அதுங்களுக்கு மூச்சு முட்டுச்சு. மிச்சத்துல உயிரை வளக்க முடியாதுங்க. அதுக்கு எவ்வளவு இடம் வேணும்னு முதல்ல கேட்டுத் தெரிஞ்சுக்கணும். அதை மனசாரக் குடுக்க முடிஞ்சாத்தான் கயித்தைக் கையில வாங்கணும்."