உடன் வருபவர்

…அப்படியானால் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டது செல்லாது, யாராவது ஒருவர் எதிரில் நின்று பார்க்க வேண்டும், பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும், கையெழுத்தின் மேல் முத்திரை விழ வேண்டும், பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஓர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும், அதுவும் கப்பல் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்… இரண்டு நாள் என்றால் மணிக் கணக்கா, காலண்டர் கணக்கா, இதை அவள் போன வாரம் முழுக்க மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள், கப்பல் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருந்தது, கடைசியில் எந்தக் கணக்குக்கும் ஒத்துவருகிற மாதிரி இன்று மத்தியானத்தைப் பிடித்து, வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு இந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள். இருவருக்கும் குச்சி விட்டாகிவிட்டது. அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அவளுக்குத் தும்மல் வந்தது, குச்சி விட்ட பெண் இரண்டையும் கவனிக்காமல் அடுத்தவர் என்றாள். இனி முடிவு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், ஒரே இரும்புக் குழாயில் கோத்த நாற்காலிகள், அந்தக் கோடியில் யாராவது எழுந்தால் இந்தக் கோடியில் இருப்பவர் ஆடுகிறார், ஆடும்போதெல்லாம் அப்பா திடுக்கிட்டு, "பாப்பா, நம்மள கூப்பிட்டாங்களா?" என்கிறார், "இல்லப்பா, கூப்பிட்டா சொல்றேன்," என்கிறாள். நாற்பத்தொன்பது வயதில் பாப்பா. எதிரில் ஓர் ஆள் இருமினார், அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திடீரென்று ஏதோ அவசர வேலை வந்தவர்கள் போல எழுந்து வேறு பக்கம் போனார்கள், நாற்காலிகள் ஆடின… "கூப்பிட்டாங்களா?"

அண்ணனுக்கு எப்போதும் யோசனை வரும், வேலை மட்டும் வராது. அப்பாவுக்கு எண்பது முடியப்போகுது, எல்லாரும் சேர்ந்து கப்பல்ல போயிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னான், அண்ணி கைதட்டினாள், அவர்கள் மகள் உடனே போனை எடுத்து நீச்சல் குளத்தைக் காட்டினாள், அப்பா சிரித்தார், அவ்வளவுதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர், உச்சியில் கண்ணாடிக் கூண்டில் குனிந்து உட்கார்ந்து வேலைக் காலம் முழுக்கக் கப்பல்களில் பெட்டி ஏற்றி இறக்கியவர், ஒன்றிலும் கால் வைத்ததில்லை, கீழே இறங்கினால் ஷிஃப்ட் முடிந்திருக்கும், கழுத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்ன சொல்ல முடியும், சரி என்றாள், சரி என்ற நிமிஷமே எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தது, "இந்த ரூல்ஸ் எல்லாம் உனக்குத்தான் புரியும், நீயே பாத்துடு," என்றான் அண்ணன். புரியும் புரியும் என்று சொல்லியே வீட்டு வரியிலிருந்து அப்பாவின் மூத்திரப் பரிசோதனைவரை அவளுக்குப் புரியவைத்துவிட்டார்கள். அண்ணி போன் செய்து, லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டாள். மூக்குலதான் எடுப்பாங்க அண்ணி என்றாள் இவள். இல்ல, போட்டோ ஏதாவது எடுப்பாங்களோன்னு கேட்டேன்… அண்ணனுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னால்தான் அந்தக் காய்ச்சல் வந்து போனது, வந்து தேறியவர்கள் டெஸ்ட் எடுக்கக் கூடாதாம், பழைய கிருமியின் மிச்சம் மீதி எதையாவது காட்டிவிடுமாம், அதற்குப் பதில் குணமாகிவிட்டார் என்று டாக்டரிடம் கடிதம் வாங்க வேண்டுமாம், அந்த டாக்டர் வீட்டுக்கு நடையாய் நடந்தது யார், காய்ச்சல் வந்தவனா? எழுபத்தைந்து தாண்டியவர்களைத் துணை இல்லாமல் ஏற்ற மாட்டார்களாம், அதனால் அப்பாவும் அவளும் ஓர் அறை, ஜன்னல் இல்லாத உள்ளறை, அண்ணன் குடும்பத்துக்கு பால்கனி வைத்தது, அப்பா சீக்கிரம் தூங்கிடுவாரு, அவருக்கு எதுக்கு ஜன்னல் என்றாள் அண்ணி, அந்த அறையில் இன்னொரு ஆளும் இருக்கப்போகிறாள் என்பது பேச்சில் வரவே இல்லை, டிக்கெட்டிலும் அப்பாவின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உடன் வருபவர் என்றுதான் இருந்தது, அதற்குப் பக்கத்தில்தான் அவள் பெயர்.

தொண்டை வலிக்கிறது. காலையிலிருந்தே. யாரிடமும் சொல்லவில்லை, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள், அப்பா குளியலறைக் கதவைத் தட்டி, என்ன பண்றே உள்ள என்றார், பல் தேய்க்கிறேன் என்றாள். வெறும் வலியா, இல்லை அதுதானா… அவளுக்கு இருக்கிறது என்று வந்தால் அப்பாவும் போக முடியாது, துணை இல்லையே, அண்ணன் தன் அறையில் சேர்த்துக்கொள்வானா, சேர்த்துக்கொண்டாலும் அப்பா ராத்திரி எழுந்திருக்கும்போது யார் விளக்குப் போடுவது, மாத்திரையில் எது வெள்ளை எது மங்கல் வெள்ளை என்று அவனுக்குத் தெரியுமா? வரக்கூடாது, அவளுக்கு வரவே கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள், கண்ணை மூடி நாற்காலியில் தலையைச் சாய்த்தபோதுதான் அந்த நினைப்புக்கு அடியில் இன்னொன்று பூனைபோல் படுத்திருப்பது தெரிந்தது… வந்தால்? வந்துவிட்டால் ஓர் அறை, கதவைச் சாத்திக்கொள்ளலாம், சாத்து என்று அவர்களே சொல்வார்கள், தட்டில் சாப்பாடு போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், யாரும் உள்ளே வர மாட்டார்கள், ஒருத்தரும் எது எங்கே இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள், படுத்துக்கொண்டே இருக்கலாம், அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது, முத்திரை குத்தின காகிதம் இருக்கும். சீ. அப்பா இந்தப் பயணத்துக்காகப் புதுச் செருப்பு வாங்கி, பழகட்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்துகொண்டிருக்கிறார், இவள் நோய் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள்… இவ்வளவு களைப்பா எனக்கு, எப்போதிருந்து?

பெயரைக் கூப்பிட்டார்கள், முதலில் அவளை. இல்லை. இல்லை என்றால் இல்லை, தொண்டை வெறும் தொண்டை, ஏசிக் காற்றோ என்னவோ, அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, நிம்மதிக்குள் ஏதோ ஒன்று தொப்பென்று உட்கார்ந்தது, அதைப் பார்க்க நேரமில்லை, ஏனென்றால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் இரண்டாவது காகிதத்தை உடனே கொடுக்காமல், "பெரியவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அப்பா என்றாள். "அப்பாவுக்கு பாசிட்டிவ்மா, இன்னொரு தடவையும் போட்டுப் பாத்துட்டோம். வீட்டுல தனி ரூம்ல வைங்க. வெளிய போய் நில்லுங்க, இங்க கூட்டமா இருக்கு." அவள் திரும்பிப் பார்த்தாள், அப்பா முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைக் கையை ஆட்டி ஆட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில், ஒரு மரத்தடியில் வைத்துச் சொன்னாள். "எனக்கா?" என்றார், "ஒரு தும்மல்கூட இல்லையே." கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்தார். "அப்ப கப்பல்?" விடமாட்டாங்கப்பா என்றாள். சரி என்றார், பிறகு, "முப்பது வருஷம் நான் ஏத்துனத எல்லாம் அது வாங்கிக்கிச்சு, என்ன மட்டும் வேணாம்னுட்டுது," என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது, அவர் இருமி அவள் கேட்டது அன்றைக்கு அதுதான் முதல் தடவை, சட்டென்று நாலடி தள்ளிப்போய் ஒரு ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார், "கிட்ட வராத பாப்பா."

அண்ணனைக் கூப்பிடும்போதே அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும், ஐயையோ என்பான், இப்பப் போயா என்பான், அப்புறம் குரலைத் தழைத்துக்கொண்டு, சரி, நீ அவரோட இருந்துக்கோ, நாங்க மட்டும் எப்படிப் போறது, ஆனா பணம் திரும்ப வராது, புள்ள ஆசையா இருக்கா… அதற்கு அவள் சொல்ல வேண்டிய பதிலும் தயார், பரவாயில்லை போய்ட்டு வாங்க, அந்தப் பரவாயில்லையை எப்படிச் சொன்னால் அவனுக்குத் தைக்கும் என்பது முதற்கொண்டு தெரியும், எத்தனை வருஷப் பழக்கம். அவன் ஐயையோ என்றான். அப்பாவுக்கு மூச்சு நல்லா இருக்கா என்று கேட்டான். பிறகு, "நான் இருந்துக்கறேன். எனக்குத்தான் இப்ப வந்து போச்சு, சட்டுனு திரும்ப ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாரு. அப்பாவ நான் பாத்துக்கறேன், நீ அண்ணியோடயும் புள்ளையோடயும் போயிட்டு வா. கேக்குதா? உன் அண்ணி பக்கத்துலதான் இருக்கா, பால்கனி ரூம்ல உன்னச் சேத்துக்கறேங்கறா. எனக்குக் கப்பல்னாலே தல சுத்தும்டி, ஏதோ ஒரு வேகத்துல சொல்லிட்டேன், பின்வாங்க முடியல." அவள், மாத்திரை என்றாள். "எழுதி வெச்சுட்டுப் போ. நான் படிக்கத் தெரியாதவனா?" ராத்திரி எழுந்திருப்பாரு என்றாள். "எழுந்திருக்கட்டும், நானும் எழுந்திருக்கறேன்." அவள் போனைக் காதிலிருந்து எடுத்து அது அண்ணன் நம்பர்தானா என்று ஒரு தடவை பார்த்தாள். கோபம்தான் வந்தது, நன்றி வரவில்லை, இதை இவன் எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாமே, இவ்வளவு சுலபமா இது, இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் இப்போது எங்கே கொண்டுபோய்ப் போடுவது, இல்லை, அவன் சொல்லாததால்தான் இவள் கேட்கவில்லையா, இவள் கேட்காததால் அவன் சொல்லவில்லையா… "என்ன ஏத்துவாங்களான்னு தெரியல," என்றாள், "ஒரே வீட்டுல இருந்தவங்களுக்கு வேற ரூல் இருக்கு. கேட்டுட்டுக் கூப்பிடறேன்." அப்படி ஒரு வரி இருக்கத்தான் இருந்தது, தொற்று உள்ளவரோடு இருந்தவர்களைப் பற்றி மருத்துவக் குழு முடிவு செய்யும் என்று, அதை அவள் முதல் நாளே படித்திருந்தாள்.

கப்பல் கம்பெனியில் பேசிய பெண்ணுக்கு இளம் குரல், பின்னால் இன்னும் பல பேர் இதே மாதிரி பேசிக்கொண்டிருக்கும் சத்தம். உங்களுக்கு நெகட்டிவ்தானே மேடம், அப்போ வரலாம், ஏறறதுக்கு முன்னாடி நாங்களே இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிடுவோம், அதுலயும் இல்லன்னா ஏறிடலாம் என்றாள். இல்லம்மா, அவரோட ஒரே வீட்டுல இருக்கேன். தெரியுது மேடம், வரலாம். ஒரே குளியலறை. பரவாயில்ல மேடம். நான்தான் அவருக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுக்கறேன், கூடவே உட்கார்ந்து சாப்பிடறேன். அந்தப் பெண் கொஞ்சம் நிறுத்தி, காய்ச்சல் இருக்கா மேடம் என்று கேட்டாள். இல்லை. ஆனா தொண்டை கொஞ்சம் வலிக்குது. அதையும் எங்க டாக்டர் பார்ப்பாரு மேடம், காய்ச்சல் வந்தா மட்டும் வராதீங்க, இல்லன்னா தயங்காம வாங்க… கடையில் சில பேர் வருவார்கள், பவர் மாறவே இல்லை என்று சொன்னால் முகம் வாடிப்போகும், மறுபடி மறுபடி எழுத்துகளைத் தப்பாகவே படிப்பார்கள், மாறியிருக்கு என்று அவள் வாயால் வரும்வரை விடமாட்டார்கள், அவர்களைப் பார்த்து அவள் மனசுக்குள் எவ்வளவு சிரித்திருக்கிறாள். இப்போது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? வேறு ஏதாவது விதி இருக்கா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள். வேற எதுவும் உதவி வேணுமா மேடம்? வேண்டாம்மா என்று வைத்தாள்.

போன் கையில் சூடாக இருந்தது, வைத்ததும் அண்ணன் கூப்பிட்டான், எடுக்கவில்லை, அடித்து ஓய்ந்தது. ஐந்து நாள், கடல், பால்கனி, காலையில் எழுந்தால் யாருக்கும் ஒன்றும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், எழுந்துதான் என்ன செய்வார்கள் அப்படி எழுந்தவர்கள்? அண்ணியும் மகளும் நீச்சல் குளத்துக்குப் போய்விடுவார்கள், ஒரு நாற்காலியில் உட்காரலாம், உட்கார்ந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது… அப்பா அந்தப் பக்கம் ஸ்கூட்டர் சீட்டில் கையை ஊன்றியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், இப்போது முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஒழுங்காக ஏற்றிவிட்டிருந்தார்.

"என்ன சொல்றாங்க பாப்பா?"

"போகலாம்னு சொல்றாங்கப்பா."

"யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு சொல்தான், தினமும் எத்தனை தடவை சொல்கிற சொல், நான் பாத்துக்கறேன், நான் வாங்கிட்டு வரேன், நான் இருக்கேன்பா… அதற்குப் பின்னால் எப்போதும் ஏதாவது ஒன்று வந்துவிடும், வெறுமனே அதை மட்டும் அவள் சொல்லிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பா தனக்குத்தான் காதில் விழவில்லையோ என்று தலையைச் சாய்த்துக்கொண்டு இரண்டடி கிட்டே வந்தார், வரக்கூடாது என்று நினைவு வந்து, அங்கேயே நின்றார்.