கஞ்சியில் கிடந்த நார்

கேரள எல்லையிலுள்ள எங்கள் வெள்ளறடையில் சர்க்கரை வியாதிக்காரர்களைவிட அதற்கு வைத்தியம் சொல்கிறவர்கள் அதிகம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என் மனைவி லேகாவின் அண்ணன் சிவதாணு. வில்லேஜ் ஆபீஸில் முப்பது வருடம் சீல் குத்திய மூளை. வாழைத்தண்டு தின்றே சர்க்கரையை ஒழித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார். கல்யாணப் பந்தியில் போளியில் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து, மூன்றாம் தடவையும் கேட்டு வாங்குவார்.

நான் ஜெயன், பாறசாலையில் ஒரு பாரலல் காலேஜில், அதாவது தனியார் டுடோரியலில், கணக்கு வாத்தியார். மூடர்களைச் சகிப்பதற்கு அங்கே சம்பளம் தருகிறார்கள். வீட்டில் தருவதில்லை.

இருபது வருடச் சர்க்கரை என் வயிற்று நரம்பைத் தின்றுவிட்டது. காலையில் தின்ற இட்லி சாயங்காலமும் வயிற்றில் அப்படியே கிடக்கும். நாலு வாய்க்கு மேல் இறங்காது, இறங்கினால் திரும்பி வரும். திருவனந்தபுரத்து டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கீரை, தண்டு, நார் எதுவும் ஆகாது, வடிகட்டிய அரிசிக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை குடிக்கவேண்டும் என்று எழுதித் தந்தார். எடை இன்னும் குறைந்தால் குடலுக்கு நேராகக் குழாய் போடவேண்டி வரும் என்றும் சொன்னார். அந்தக் குழாய்க்குப் பயந்தே கஞ்சிக்கு மாறினேன்.

லேகாவிடம் "இனி கஞ்சி போதும்" என்று மட்டும் சொன்னேன். பத்தாம் வகுப்பில் தோற்றவளுக்கு நரம்பையும் நாரையும் யார் உட்கார்ந்து விளக்குவது?

மறுவாரம் சிவதாணு வந்து என் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, வெள்ளரிசிக் கஞ்சியா? சுகருள்ள ஆளுக்கு இது விஷமாக்கும்! நான் தெனமும் வாழத்தண்டு. எனக்கு ஏறுதா, பாருங்க."

"ஒங்களுக்க தலையிலயும் ஒண்ணும் ஏறல்ல, மச்சான்."

முகம் சிறுத்துப் போய்விட்டது அவருக்கு. கிளம்பும்போது அடுக்களையில் தங்கையிடம் ஏதோ குசுகுசுத்தார். இரண்டு மூடர்கள் பேசி என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தேன். கஞ்சிகூட வாந்தியாக வந்தது. ஒருநாள் இன்சுலின் ஊசி போட்டுக் கஞ்சி குடித்துவிட்டு வகுப்புக்குப் போனவன், வியர்த்துக் கொட்டி போர்டுக்கு முன்னால் சரிந்து விழுந்தேன். கஞ்சி கொழகொழவென்று இருந்ததற்கு லேகாவைத் திட்டினேன். அரிசியை வேகவைக்கக்கூடத் தெரியாதா என்றேன்.

டாக்டர் வாய்வழியே கேமரா விட்டுப் பார்த்தார். வயிற்றுக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு நார் உருண்டை. பிய்த்துப் பிய்த்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. நாருள்ளது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கஞ்சியைத் தவிர ஒன்றும் தொடவில்லை என்று அவரையும் முறைத்தேன்.

பக்கத்தில் நின்ற லேகா அழத் தொடங்கினாள். "நானாக்கும் சார். வாழத்தண்ட மிக்ஸியில அரைச்சு கஞ்சியில சேத்தேன். சுகருக்கு நல்லதுண்ணு அண்ணன் செல்லிச்சு."

"என்னக் கொல்லவா பாத்த?"

"ஒங்களுக்கு வயித்துல என்ன தீனம்ணு எனக்கிட்ட ஒருக்காவது செல்லியிருக்கியளா? கஞ்சி போதும்ணு செல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டிய. நீங்க மெலிஞ்சு மெலிஞ்சு போறதக் கண்டுட்டு நான் ஆருகிட்டப் போய்க் கேக்க?"

டாக்டர் அவளை உட்காரவைத்து மலையாளத்தில் எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் மலையாளத்தில் ஒன்று கேட்டாள். ஆகாரம் இவ்வளவு மெதுவாக இறங்கும்போது ஊசியை முன்னாலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகாதா, இவர் வகுப்பில் விழுந்தது அதனால்தானா என்று.

டாக்டர் என்னைப் பார்த்தார். "சாப்பிட்ட பிறகுதான் ஊசி என்று அன்றைக்கே எழுதியிருந்தேனே. தாளின் மறுபக்கத்தைப் பார்க்கவில்லையா?"

லேகா தமிழுக்கு மாறினாள், எனக்கு உறைக்கவேண்டும் என்றே.

"அவருக்கு எல்லாம் தெரியும் சார். பின்ன எதுக்குத் திருப்பிப் பாக்கணும்?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். குழாய் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று அவளிடம் சொன்னார். ஊசியின் அளவையும் நேரத்தையும் அவள் கையில்தான் எழுதிக் கொடுத்தார்.